ஒத்தக் கோடு

எங்க வூட்டு ஷீலாவப் பத்தி எவளாவது "பாவம், அவ விதி"ன்னு வாயத் தொறந்தா எனக்குப் பத்திகினு வரும். விதியாம் விதி! விதி இன்னா பஸ்ஸு ஏறி புதுப்பட்டினம் குப்பத்துக்கு வந்துச்சா? அவ கண்ணு போனதுக்கு ரெண்டு கை காரணம். அந்த ரெண்டும் தோ, என் தோள்லதான் தொங்குது. நான் வச்சலா. ஷீலாவோட அண்ணன் சுதாகரக் கட்டிகினவ, அவளுக்கு அண்ணி. நடந்தத நானே சொல்லிட்டா ஊரு வாய்க்கு அவுலு கெடைக்காது பாரு, அதான் சொல்ல வந்தேன்.

தொண்ணூத்தஞ்சுல நான் கோவளத்துலேர்ந்து கல்யாணம் ஆகி வந்தேன். மாமியாரு அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க. மாமனாரு மாயவன் கட்டுமரத்துல போறவரு, எங்க வூட்டுக்காரரும் அவரு கூடவே. ஷீலா அப்ப பத்தாவது முடிச்சிட்டு குந்தினு இருந்தா. குப்பத்துல மத்த பொண்ணுங்க மீன் கூடையத் தூக்கிகினு கல்பாக்கம் டவுன்ஷிப்பு குவார்ட்டர்ஸ் பக்கம் போவாங்க. இவளும் ரெண்டு நாள் என்னோட வந்தா. மூணாம் நாளு, "அண்ணி, இந்த குவார்ட்டர்ஸ் எல்லாம் முதல்ல பேப்பர்ல யாரோ வரைஞ்சிருப்பாங்க இல்ல?"ன்னா. எனக்கு இன்னா தெரியும்? வஞ்சிர மீன வித்துட்டு வந்துருவோம், அப்பால வரையலாம்னேன்.

அவ வுடல. செங்கல்பட்டு ஐ.டி.ஐ.ல டிராப்ட்ஸ்மேன் படிப்புல போய் சேந்துட்டா. கட்டடத்துக்கு பிளான் வரையிற படிப்பு. குப்பத்துல சிரிப்பான சிரிப்பு. "கோடு போட ஒரு படிப்பா? வாசல்ல சொம்மா போடுறாளுங்களே!" மாமனாரு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு: "எம் பொண்ணு போடுற கோட்டு மேலதாண்டா நாளைக்கு ஒங்க வூட்டு சுவரு நிக்கும்." தெனம் காலைல டி ஸ்கொயருன்னு கோடு போடற ஆளொசர மரச் சட்டம் ஒண்ணத் தூக்கிகினு திருக்கழுக்குன்றம் வழியா போற பஸ்ல ஏறுவா. கண்டக்டரு, "இன்னாம்மா, துடுப்பு எடுத்துகினு வந்துட்ட? பஸ்ஸு மெதக்காது"ம்பாரு. ஒரு நாளும் அவ லீவு போட்டு நான் பாத்ததில்ல.

ஒரு வருசம் போவ, மாஸ்டரு அவ வரைஞ்ச சீட்டக் கிழிச்சுப் போட ஆரம்பிச்சாரு. கோடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு இருக்குன்னு திட்டு. வூட்டுக்கு வந்து அழுவா. "அண்ணி, ஒரு கோடு போட்டா எனக்கு ரெண்டா தெரியுது. ஒண்ணு கோடு, ஒண்ணு அதோட நெழலு. எது நெஜம்னு தெரியல." கண்ணாடி போட்டோம். ஆறு மாசத்துல மூணு கண்ணாடி மாத்தினோம். பவரு ஏறினதே தவிர, நெழலு போவல.

அப்பதான் செங்கல்பட்டுல கண்ணாடிக் கடை வெச்சிருந்த கோபாலகிருஷ்ணன் சாரு கிட்ட போனோம். நல்ல மனுசன். அவரு மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். அரை நாள் டெஸ்ட்டு பண்ணிட்டு எங்கள ஒக்கார வெச்சு சொன்னாரு: "கண்ணோட முன்பக்கம் உருண்டையா இருக்கணும்மா. இவங்களுக்கு கூம்பு மாதிரி முன்னாடி தள்ளிக்கிட்டு வருது. இடது கண்ணுல ரொம்ப ஜாஸ்தி, வலது பரவாயில்ல. கண்ணாடி இதுக்கு உதவாது. லென்ஸ் தான். சின்ன வயசுலேர்ந்து கண்ணக் கசக்குவீங்களா?"

கசக்காம? கருவாடு காயப் போடுற எடத்துல பொறந்து வளந்தவ. மணலு, உப்பு, புகை. குப்பத்துல கண்ணக் கசக்காத கொழந்த ஒண்ணு காட்டு பாப்போம்.

மொத லென்ஸு ஹார்டு லென்ஸு. கெட்டியா, மீன் செதிலவிட சின்னதா இருந்துச்சு. போட்ட ஒடனே "ஐயோ அண்ணி, கல்லு!"ன்னு குதிச்சா. பழகணும்னாரு சாரு. மொத நாளு ஒரு மணி நேரம், மறுநாளு ரெண்டு மணி நேரம்னு ஏத்தணுமாம். இருவது நாளு அவ கண்ணுலேர்ந்து தண்ணி ஊத்திச்சு, நான் முந்தானையால தொடைச்சு வுட்டுகினே இருந்தேன். இருவத்தோராம் நாளு வரையிற போர்டு முன்னாடி குந்தி ஒரு கோடு போட்டா. போட்டுட்டு அது மேலயே மூஞ்ச வெச்சுகினு குனிஞ்சு கெடந்தா. எனக்கு பயமா பூட்ச்சு. இன்னாடின்னேன்.

"ஒத்தக் கோடு அண்ணி. ஒண்ணே ஒண்ணு."

அப்பால நிமிந்து என் மூஞ்சப் பாத்தா. பாத்துகினே இருந்தா. "ஒனக்கு மூக்கோரம் மச்சம் கீதா?"ன்னா. மூணு வருசமா ஒரே வூட்டுல, ஒரே சட்டில சோறு தின்னவ. எனக்கு சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

அந்த சந்தோசம் ஆடி மாசம் வரைக்கும்தான். பரீட்சை முடிஞ்ச ஒடனே ஒரு நாளு கரையில அப்பாவுக்கு சோறு எடுத்துகினு போனா. ஆடிக் காத்து மணல வாரி மூஞ்சில அடிச்சுது. ஹார்டு லென்ஸுக்கு அடியில ஒரு மணலு போனா போதும், கண்ணுல ஊசி ஏத்தின மாதிரி. தாங்க முடியாம கசக்கிட்டா. வலது கண்ணு லென்ஸு தெறிச்சு வுழுந்துடுச்சு. கடற்கரையில ஒரு செதிலு!

அன்னிக்கு எங்க குப்பம் பண்ண கூத்த நெனச்சா இன்னிக்கும் சிரிப்பு வரும், அப்பால வவுறு எரியும். மாமனாரு நாலு மூலைல துடுப்ப நட்டாரு. "எவனும் உள்ள காலு வைக்காதீங்கடா!" அப்ப இறால் பண்ணைக்கு குஞ்சு புடிக்க எல்லார் வூட்டுலயும் கொசுவலை இருந்துச்சு. ஆளுக்கு ஒரு வலையோட பதினஞ்சு இருவது பேரு வந்துட்டாங்க. மணல வாரி வலைல போட்டு, கடல் தண்ணில அலசி அலசி சலிச்சாங்க. "திமிங்கலத்தக் கூட புடிச்சுருவேன், இத எங்கடா தேடுறது"ன்னு ஒருத்தன். பொழுது சாயறதுக்குள்ள கெடச்சுடுச்சு! எங்க வூட்டுக்காரருதான் எடுத்தாரு. குப்பமே விசில் அடிச்சுது. அவரு அத லுங்கில நல்லா தேய்ச்சுத் தொடைச்சு தங்கச்சி கைல குடுத்தாரு.

கோபாலகிருஷ்ணன் சாரு அத வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாரு. மணல்ல போட்டு சலிச்சதுல ஒடம்பு பூரா கீறலு. இனிமே இத கண்ணுல வைக்கக் கூடாதுன்னுட்டாரு. இருவது பேரு சேந்து தேடி, தேடினதாலயே கெடுத்து வெச்சிருந்தோம்.

இங்கதான் என் வாய் உள்ள வருது.

சாரு ரெண்டு டப்பிய மேசை மேல வெச்சாரு. "மறுபடி ஹார்டே போடலாம். பார்வை முழுசா வரும். ஆனா நீங்க இருக்கற எடத்துல மணல் கஷ்டம்தான், வெளில போறப்ப மூடின கண்ணாடி ஒண்ணு போட்டுக்கணும். இல்லன்னா சாப்டு. இது மெத்துனு இருக்கும், உறுத்தாது, கீழ வுழாது. ஆனா மெத்துனு இருக்கறதாலயே அந்தக் கூம்பு மேல அதுவும் கூம்பாவே படுத்துக்கும். நெழல் கொஞ்சம் கொறையும், போகாது. ஹார்டுதான் கூம்ப மறைச்சு நிக்கும். நான்னா ஹார்டுதான் சொல்லுவேன்."

ஷீலா கையி ஹார்டு டப்பி பக்கம்தான் போச்சு. சத்தியமா. நான்தான் அவ கையப் புடிச்சு இழுத்தேன். "போதுண்டி! இருவது நாளு நீ அழுதத நான்தான் பாத்தேன். கல்லக் கண்ணுல வெச்சிகினு இன்னா தலையெழுத்து? மெத்துனு கீறத வாங்கு."

"கோடு ஒத்தையா தெரியாது அண்ணி."

"கொஞ்சம் நெழலோட தெரிஞ்சா இன்னா, குடியா முழுவிப் பூடும்?"

அவ என்னப் பாத்தா, என் தோள்ல தூங்கின கொழந்தையப் பாத்தா. எனக்கு வைகாசிலதான் பிரவின்குமாரு பொறந்திருந்தான். கைக்கொழந்தையோட அவளுக்காக பஸ்ஸுல அலைஞ்சுகினு இருந்தேன். சரி அண்ணின்னா. எதிர்த்துப் பேச அவளுக்கு எப்பவுமே வராது, அதுவும் ஆசையா சொல்றவங்க கிட்ட வரவே வராது.

சாரு கெளம்பறப்ப வெரலு மடக்கி சொன்னாரு. ராத்திரி கழட்டணும். பச்சத் தண்ணி படக் கூடாது, இது பஞ்சு மாதிரி, எல்லாத்தையும் உறிஞ்சிக்கும். லென்ஸு உள்ள இருக்கப்ப சொட்டு மருந்து எதுவும் வுடக் கூடாது. கண்ணு செவந்தா அன்னிக்கே கழட்டிட்டு ஓடி வரணும். நான் தலைய ஆட்டிகினே இருந்தேன். எல்லாம் காதுல வுழுந்துச்சு, அதான் கொடுமை.

கார்த்திகைல லெட்டரு வந்துச்சு. கல்பாக்கத்துல ஒரு ஆபீஸ்ல ஒரு வருசம் அப்ரண்டிஸு. நம்ம குப்பத்துப் பொண்ணு, டவுன்ஷிப்பு ஆபீஸ்ல, போர்டு முன்னாடி! இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சுடுச்சு, திங்கக்கெழம மெடிக்கலு ஒண்டிதான் பாக்கி. கண்ணு டெஸ்ட்டு உண்டு. வலது கண்ணுல அட்டைல கீழேர்ந்து மூணாவது வரி வரைக்கும் படிச்சுட்டா போதும். சாப்டு லென்ஸு போட்டா அவளுக்கு அது திக்கித் திணறித் தெரியும். செவுத்துல எழுத்து ஒட்டி தெனம் பழகினா. லென்ஸ கழட்டினா எழுத்து மறந்துடுமோன்னு பயந்துகினு ராத்திரியும் போட்டுகினே தூங்கினா. அது எனக்கு அப்பத் தெரியாது.

வெள்ளிக்கெழம வலது கண்ணு செவந்துச்சு. வெளில மழை கொட்டுது, செங்கல்பட்டு ரோட்டுல தண்ணின்னு பஸ்ஸு பாதி ஓடல. மாமனாரு பாத்துட்டு, "கடல்காரன் வூட்டுல செவக்காத கண்ணு எவனுக்குக் கீது? எனக்குப் பாரு"ன்னு தன் கண்ண விரிச்சுக் காட்டினாரு. நெஜந்தான். அவருது கோவைப் பழம். எங்க வூட்டுக்காரருதும் அப்டித்தான். உப்புக் காத்துலயும் வெயில்லயும் காயற ஆம்பளைங்க கண்ணு குப்பத்துல வெள்ளையா இருந்தாதான் அதிசயம். யாரும் பெருசா எடுத்துக்கல.

சனிக்கெழம காலைல வலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போவலாமான்னேன். "திங்கக்கெழம மெடிக்கலு அண்ணி. கண்ணு சரியில்லன்னு எவனாவது எழுதிக் குடுத்துட்டா?" ஆமால்லன்னு எனக்கும் பட்டுச்சு. கண்ணு வலிக்கு எங்க ஆளுங்க இன்னா பண்ணுவோம்? தாய்ப்பாலு வுடுவோம். மெட்ராஸ் ஐ வந்தாலும் அதான், தூசு வுழுந்தாலும் அதான். எனக்கு எங்கம்மா வுட்டுருக்கு. பிரவினு அப்பதான் பால் குடிச்சிட்டுத் தூங்கினான்.

"வா, மடியில படு"ன்னேன்.

சாரு சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு. வராம இல்ல. மருந்து வுடாதேன்னுதானே சொன்னாரு, பாலு இன்னா மருந்தா? கடையில வித்தா மருந்து. இது நம்ம ஒடம்புல ஊறுறது. பச்சப் புள்ள குடிக்கறது கண்ணக் கெடுக்குமா? இப்டி ஒரு நியாயம் நானே எனக்கு சொல்லிகினேன். ஷீலா தலைய மடியில வெச்சு, கண்ண விரிச்சுப் புடிச்சு, மூணு சொட்டு வுட்டேன். "எதமா கீது அண்ணி"ன்னு கண்ண மூடிகினா. அன்னிக்கு சாயங்காலம் ஒரு வாட்டி. ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி.

திங்கக்கெழம காலைல கண்ணு தொறக்கல. ரெப்பை பணியாரம் மாதிரி வீங்கிப் போச்சு. விரிச்சுப் பாத்தா கருவிழி நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு, அரிசி நொய்யி அளவு. அவ அப்பவும் புதுத் தாவணி கட்டிகினு, சர்டிபிகேட்டு பைய அக்குள்ள இடுக்கிகினு நின்னா. "ஒரு கண்ணாலயே படிச்சுடுறேன் அண்ணி, கல்பாக்கம் போவலாம்." நான் போட்ட கூச்சல்ல குப்பமே எழுந்திருச்சு. செங்கல்பட்டுக்கு இஸ்துகினு ஓடினேன்.

கோபாலகிருஷ்ணன் சாரு லென்ஸ கழட்டி ஒரு டப்பில போட்டு என் கைல குடுத்தாரு. அவரு மூஞ்சி வெளுத்துப் போச்சு. நிக்காதீங்க, நேரா மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல, "சனியனே, நீதானே என் பொண்ணு கண்ணக் கெடுத்த"ன்னு அந்த டப்பிய பஸ் ஸ்டாண்டு சாக்கடைல வீசினேன். என் கோவத்த யாருகிட்டதான் காட்டறது?

மெட்ராஸ்ல ஹரிப்ரியான்னு ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. எங்களுக்கு முன்னாடி ஒரு கெழவரு, கண்ணுல ஏதோ எலைச் சாறு புழிஞ்சிட்டு வந்திருந்தாரு. டாக்டரம்மா அந்தாளு கூட வந்த பொண்ண அத்தினி பேரு முன்னாடி வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. நான் முந்தானைய நெஞ்சோட இழுத்துப் போத்திகினேன். எங்க முறை வந்துச்சு.

"கண்ணுல ஏதாவது விட்டீங்களா?"

"ஒண்ணியும் வுடல டாக்டரம்மா"ன்னேன்.

அவங்க ஷீலா பக்கம் திரும்பி, "உண்மையச் சொல்லும்மா. எண்ணெய், பால், தண்ணி, எதாவது?"

ஷீலா ஒத்தக் கண்ணால என்னப் பாத்தா. "இல்ல மேடம். ஒண்ணும் வுடல."

"போட்டிருந்த லென்ஸ் எங்க?" அது சாக்கடைல கீது. தொலைஞ்சு போச்சுன்னேன்.

கண்ண சொறண்டி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, ஒண்ணும் புடிபடல. மணிக்கொரு வாட்டி சொட்டு மருந்து, ஊசி. அந்த வெள்ளப் பொட்டு நொய்யிலேர்ந்து பச்சரிசி ஆச்சு, பச்சரிசிலேர்ந்து துவரம்பருப்பு ஆச்சு. ஒம்போதாம் நாளு எனக்குத் தாங்கல. டாக்டரம்மா ரூமுக்குள்ள போய், கதவச் சாத்திட்டு, எல்லாத்தையும் கொட்டிட்டேன். திட்டுவாங்கன்னு பாத்தேன். செவுத்துல சாஞ்சு நின்னுட்டாங்க. "பாலா, ராத்திரி கழட்டாம தூங்கினதா, எதுன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. மொத நாளே சொல்லி, அந்த லென்ஸயும் குடுத்திருந்தா அதுல என்ன கிருமின்னு பாத்திருப்பேன். சரியான மருந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருப்பேன்"னாங்க. அப்பால வேற மருந்து மாத்தினாங்க. உசுரு போன வூட்டுக்கு வைத்தியரு வந்த மாதிரி.

புண்ணு ஆறுச்சு. ஆனா வலது கண்ணுல கருவிழி மேல வெள்ளையா தழும்பு நின்னு போச்சு. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. நல்ல கண்ணுன்னு இருந்தது அது ஒண்ணுதான். இடது கண்ணு கூம்பு முத்திப் போயி, ஹார்டு லென்ஸு கூட அது மேல நிக்காம வழுக்கினு வந்துடுச்சு, அதுலயும் எல்லாம் வெறும் கலங்கலு. "மெத்துனு கீறத வாங்கு"ன்னு சொன்ன நாக்க கடிச்சுத் துப்பணும்னு இருந்துச்சு எனக்கு.

டிஸ்சார்ஜு ஆயி பஸ்ஸுல வரோம். கோவளம் தாண்டினதும் அழுகைய அடக்க முடியல. "நான்தாண்டி குடுத்தேன் அந்தப் பால. லென்ஸு கழட்டிட்டியான்னு ஒரு வார்த்த கேக்கலையேடி பாவி நான்"ன்னேன்.

"எனக்குத் தெரியும் அண்ணி"ன்னா.

"இன்னா தெரியும்?"

"லென்ஸு உள்ளதான் இருந்துச்சு. சாரு சொன்னதும் ஞாபகம் இருந்துச்சு. கழட்டிட்டு வரேன்னு சொல்ல வந்தேன். நீ கொழந்தைய தூங்க வெச்சுட்டு, மடிய தட்டி, வா படுன்ன. எங்கம்மா போனப்பறம் என்ன யாரும் மடியில படுக்க வெச்சதில்ல. எழுந்திரிச்சா நீ திரும்ப கூப்புட மாட்டியோன்னு இருந்துச்சு."

பஸ்ஸுல அத்தினி பேரு முன்னாடி என் தலைலயே அடிச்சிகினேன். அவதான் என் கையப் புடிச்சு நிறுத்தினா.

ஆபீஸ்காரங்க அடுத்த பேரக் கூப்ட்டுகினாங்க. வேற கண்ணு வெச்சுத் தைக்கலாம்னு ஆஸ்பத்திரில பேரு எழுதி ஒரு அட்ட குடுத்தாங்க. தானம் கெடச்சா கூப்புடுவாங்களாம். சுனாமி வந்த அன்னிக்கு வூட்டோட அந்த அட்டையும் போச்சு, அந்த டி ஸ்கொயரும் போச்சு. உசுரு மிஞ்சினதே பெருசுன்னாங்க. மறுபடி போய் எழுதினோம், பேரு அடில போயிடுச்சு. இது ரெண்டாயிரத்தி ஏழு. இன்னும் கூப்புடல. கூப்புடுவாங்கன்னு எனக்கு நம்பிக்கையும் இல்ல. "கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்"னு ஒருத்தி என் காது படவே சொன்னா. கூடையால போட்டேன் ஒண்ணு.

ஷீலாவுக்கு இருவத்தேழு வயசு ஆவுது. கல்யாணம் பேச்சே இல்ல. புதுப்பட்டினம் மார்க்கெட்டுல எங்கூட குந்தி இறாலு உரிக்கிறா. அதுக்குக் கண்ணு வேணாம், வெரலு போதும். அன்னிக்குத் தன் செவந்த கண்ண விரிச்சுக் காட்டின மாமனாரு இப்பல்லாம் அவ பக்கம் திரும்பிப் பேசறதில்ல. பிரவினு ஒம்போது வயசுப் பையன், போன மாசம் அவனுக்கு மெட்ராஸ் ஐ வந்து கண்ணு செவந்துடுச்சு. அவன் அழற சத்தத்த வெச்சே ஷீலா கண்டுபுடிச்சு, தடவிகினே வந்து, அவன் கையப் புடிச்சுகினா. "அண்ணி, ஆஸ்பத்திரிக்கு கெளம்பு. இப்பவே. மழைன்னாலும் சரி"ன்னா. அவ கொரல ஒசத்தி நான் கேட்டது அன்னிக்கு ஒரு நாளுதான்.

டாக்டரு பாத்துட்டு, வெறும் மெட்ராஸ் ஐதான், பயம் இல்லன்னு சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாரு. வூட்டுக்கு வந்து பையன படுக்க வெச்சு ஒவ்வொரு சொட்டா எண்ணி மருந்து வுட்டேன். அவ பக்கத்துல வந்து குந்தினா. என் மூஞ்சத் தேடி வெரலால தடவினா. கண்ணத் தொடைச்சா, கன்னத்தத் தொடைச்சா, மூக்கோரம் வந்து நிறுத்தினா.

"மச்சம் இங்கதானே அண்ணி?"ன்னா.

ஆமாண்டின்னேன்.